இடப்பக்கத்து ஸ்பீக்கர்

போன மாதம் என் மகள் என்னை ஸ்பீக்கர் வாங்கக் கூட்டிக்கொண்டு போனாள். சிரிக்காதீர்கள். நம் வயதுக்காரர்களை மற்ற வீட்டுப் பிள்ளைகள் முட்டி வலிக்கு டாக்டரிடம் கூட்டிப்போகிறார்கள். எனக்கும் முட்டி வலிக்கிறதுதான். ஆனால் முதலில் ஸ்பீக்கர் என்றாள் மகள். புக்கிட் பாத்தோக்கில் புது வீட்டுக்குக் குடிபோயிருக்கிறாள். நாமெல்லாம் எப்போதோ பழைய சாமான் வாங்க வரும் காராங்கூனிக்காரரிடம் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிட்ட ரெக்கார்டு பிளேயர்மேல் இப்போது இளசுகளுக்குத் தீராத மோகம்.

கடையில் குளுகுளுவென்று ஓர் அறை. நடுவில் ஒரே ஒரு சோபா. கடையில் வேலை பார்த்த சீனப் பையன் என்னை உட்காரவைத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னான். ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, "ஆன்ட்டி, பாடுறவங்க எங்க நிக்கிறாங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். "நடுவில்" என்றேன். "ஆன்ட்டிக்கு நல்ல காது" என்றான். எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. மகள் பார்ப்பதற்குள் இருமிச் சமாளித்தேன்.

ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தோம். ஆம்ப்ளிஃபையர் வரிசைக்கு வந்ததும் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இதில் மோனோ பொத்தான் இருக்கிறதா?" அந்தப் பையன் மகளைப் பார்த்தான், மகள் என்னைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் தனித்தனியாக வரும் இசையை ஒன்றாகக் கலந்து, இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி கொடுக்கும் பொத்தான் அது. பழைய பெட்டிகளில் எல்லாம் இருந்தது. "ரெண்டு ஸ்பீக்கர் வாங்கிட்டு யாரு ஆன்ட்டி அதை அமுக்குவாங்க?" என்றான் பையன், மரியாதையாகத்தான்.

எங்கள் வீட்டில் ஒருவர் அமுக்கினார்.

அப்போது நாங்கள் புக்கிட் மேராவில் மூவறை வீட்டில் இருந்தோம். எனக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பதினான்கு. அப்பாவுக்கு சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. விமானத்தில் வந்து இறங்கும் பெட்டிகளை எண் பார்த்து, பிரித்து, லாரிக்கு அனுப்ப வேண்டும். அப்பா கையில் ஜப்பானிலிருந்து வந்த ஆம்ப்ளிஃபையரும் ரெக்கார்டைச் சுழற்றும் டர்ன்டேபிளும் ஸ்பீக்கரும் நாள்தோறும் ஏறி இறங்கின. ஒரு பெட்டியைக்கூட அவர் திறந்து பார்த்ததில்லை. அட்டையில் அச்சடித்த படத்தைப் பார்த்தே மாடல் எண்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். மற்ற அப்பாக்கள் பிள்ளைகளிடம் வாய்ப்பாடு கேட்பார்கள். எங்கள் அப்பா எந்த ஆம்ப்ளிஃபையருக்கு எத்தனை வாட் என்று அண்ணனிடம் கேட்பார்.

அம்மா ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு பெரிய ஹோட்டலில் டெலிபோன் ஆப்பரேட்டர். போன வருடம் வந்து தங்கிய விருந்தாளி இந்த வருடம் "ஹலோ" என்றால் போதும், பெயர் சொல்லி நலம் விசாரிப்பார். ஹோட்டல் முழுக்க அந்தக் காதுக்குப் பேர். எங்கள் வீட்டில் அதைவிடப் பேர். பால் பொங்குவதற்கு முன்னால் வரும் சத்தம் அம்மாவுக்குக் கேட்கும். மின்தூக்கி எங்கள் மாடியில் நிற்கும்போது அதிலிருந்து இறங்குவது அப்பாவா அண்ணனா என்று செருப்புச் சத்தத்தில் சொல்லிவிடுவார். அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார், "என் காது பிளேன் சத்தத்துல செத்துப்போன காது. அவ காதுதான் காது."

அந்த டிசம்பர் விடுமுறையில்தான் அப்பா பல வருட ஆசையை நிறைவேற்றிக்கொள்ள முடிவுசெய்தார். நான்கு பேரும் மழையில் நனைந்துகொண்டு தேக்கா கடைத்தெருவுக்குப் போனோம். சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு பாய் கடை. கீழே ரேடியோ, கடிகாரம், இஸ்திரிப்பெட்டி. மாடியில் உயர்ந்த ரகச் சாமான். அந்த மாடிப் படியில் ஏறும்போது அப்பா செருப்பைக் கழற்றினார். பாய், "கோயிலு இல்ல தம்பி, போட்டுக்கிட்டே வாங்க" என்றார். அப்பா கேட்கவில்லை.

பாய் மூன்று ஜோடி ஸ்பீக்கர்களை வரிசையாக வைத்து ஒரே பாட்டை மாற்றி மாற்றிப் போட்டார். இடப்பக்கத்திலிருந்து வயலின் வந்தது, வலப்பக்கத்திலிருந்து தபலா, நடுவில் ஒரு பெண்குரல். காற்றில் ஆளே இல்லாமல் ஒருத்தி நின்று பாடுவதை நான் அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். அப்பா அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தலையை லேசாக இடப்பக்கம் திருப்பி, வலது காதை முன்னால் கொடுத்து நின்றார். "பாருங்க பாய், எப்படி ரசிக்கிறா" என்றார் அப்பா. அம்மா மூன்றாவது ஜோடியைக் காட்டினார். பாய் சிரித்தார். "தங்கச்சி சரியானதைத்தான் தொட்டிருக்கு."

இணைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை முழுக்க அப்பா தரையில் மண்டியிட்டிருந்தார். ஆங்கிலக் கையேடு ஒரு முட்டிக்குக் கீழே, அது வியர்வையில் நனையாமல் இருக்க ஒரு துண்டு. சிவப்பு வயர் சிவப்புக்கு, கறுப்பு வயர் கறுப்புக்கு. வயரின் தோலை அவர் பல்லால் உரிக்கப் போனபோது அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணி எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். டர்ன்டேபிள் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க அண்ணனின் கோலிக்குண்டு ஒன்றை அதன்மேல் வைத்தார். அது உருண்டு ஓடியது. காலுக்கடியில் அட்டையை மடித்துச் செருகினார். மறுபடி குண்டு. மறுபடி அட்டை. குண்டு அசையாமல் நின்றபோது எங்களை மூச்சுவிடக்கூட அவர் விடவில்லை.

எல்லாம் முடிந்ததும் அம்மா ஆம்ப்ளிஃபையருக்கும் இரண்டு ஸ்பீக்கருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். காய்வதற்குள் அண்ணன் இடப்பக்கத்து ஸ்பீக்கரில் முழங்கையால் தேய்த்துவிட்டான். வட்டப் பொட்டு மேல்நோக்கி இழுபட்டு நாமமாகிவிட்டது. "சரி விடு, ஒண்ணு சைவம், ஒண்ணு வைணவம்" என்று அம்மா சிரித்தார். அன்று முதல் எங்களுக்கு அவை பொட்டு ஸ்பீக்கர், நாம ஸ்பீக்கர்.

ஆம்ப்ளிஃபையரில் பேலன்ஸ் என்று ஒரு குமிழ் உண்டு. இடப்பக்கம் திருகினால் இடது ஸ்பீக்கர் உரக்கப் பாடும், வலப்பக்கம் திருகினால் வலது. அப்பா அதை நேர் நடுவில் வைத்து, பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் கோடு போட்டார். "இதை எவனும் தொடக் கூடாது. தொட்டா கை இருக்காது."

பிறகு ரெக்கார்டை வைத்து ஊசியை இறக்கினார். பாட்டு வந்தது. அம்மா நாற்காலியில் அமர்ந்து கேட்டார். நாங்கள் மூவரும் அம்மாவைக் கேட்டோம்.

"நல்லா இருக்குங்க. லெஃப்ட் மட்டும் கொஞ்சம் கம்மியா இருக்கு."

அப்பா முகம் வாடியதை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. அவருக்கு இரண்டு பக்கமும் சமமாகவே கேட்டது. எனக்கும் அப்படித்தான், அண்ணனுக்கும் அப்படித்தான். மூன்று பேர் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். எங்கள் வீட்டில் அம்மா காதுதான் ஜெயித்தது. "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அப்பா மறுபடி மண்டியிட்டார்.

பாய் தொலைபேசியில் சொன்னபடி அப்பா பின்னால் வயர்களை இடவலமாக மாற்றினார். இடப்பக்கம்தான் கம்மி என்றார் அம்மா. மறுநாள் ஸ்பீக்கர் பெட்டிகளையே இடம் மாற்றினார். இப்போது நாமம் வலப்பக்கம், பொட்டு இடப்பக்கம். அம்மா தயங்கினார். "இப்பவும் லெஃப்ட்தாங்க."

"அப்பா, நேத்து நாமம் கம்மி. இன்னிக்குப் பொட்டு கம்மியா? ரெண்டும் எப்படிப்பா கெடும்?" என்று கேட்டேன்.

"சின்னப் புள்ள, சும்மா இரு லா."

சும்மா இருந்தேன். பத்து வயதில் நாம் கேட்ட சரியான கேள்விகள் எல்லாவற்றுக்கும் கிடைத்த பதில் அதுதானே.

அப்பா சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் இடப்பக்கத்துச் சுவரோரம் இருந்த கண்ணாடி அலமாரியை நகர்த்தினார். ஒரு நாள் ஸ்பீக்கரைச் செங்கல்மேல் ஏற்றினார். ஒரு நாள் பொட்டு ஸ்பீக்கரைப் போர்வையில் சுற்றி, டாக்சியில் மடிமேல் வைத்துத் தேக்காவுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். அதில் ஒரு குறையும் இல்லை என்று பாய் சொல்லியனுப்பினார். சாப்பிடும்போதுகூட அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். "தப்பு எங்கயோ இருக்கு. கண்டுபிடிக்கிறேன்" என்பார்.

கடைசியில் பாயே ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். வயரைத் தொடவே இல்லை. கொஞ்ச நேரம் பாட்டைக் கேட்டார். பிறகு, "தங்கச்சி, நாற்காலியத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உக்காருங்க" என்றார். அம்மா உட்கார்ந்தார். "இப்ப எது கம்மி?"

அம்மா கையைப் பின்னால் நீட்டிக் காட்டினார். இத்தனை நாள் நன்றாகக் கேட்ட வலது ஸ்பீக்கரை.

அப்பா ஆம்ப்ளிஃபையர் பக்கம் குனிந்திருந்தார், அதைப் பார்க்கவில்லை. பாய் பார்த்தார், நான் பார்த்தேன். பாய் தேநீரை மெதுவாகக் குடித்து முடித்தார். "சுவரு தம்பி. காங்கிரீட்டு சத்தத்தத் தின்னுது. கனமா எதையாச்சும் தொங்க விடுங்க" என்றார். அப்பா உடனே அறைக்குள் போய்ப் போர்வை தேட ஆரம்பித்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பாய் அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். சொன்னதும் வலது காதுப் பக்கம் வந்து நின்றுதான். "காதை ஒரு தரம் டாக்டர்கிட்ட காட்டிருங்க தங்கச்சி. பயப்படாதீங்க."

அம்மா தலையாட்டினார். ஆனால் காட்டவில்லை. ஜனவரியில் ஹோட்டலில் எல்லாருக்கும் மருத்துவப் பரிசோதனை நடக்கவிருந்தது. ஒரு டெலிபோன் ஆப்பரேட்டருக்குக் காது போய்விட்டது என்று தெரிந்தால் என்ன ஆகும் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வேலை போகும். அதைவிட இன்னொன்றும் இருந்தது. எந்தக் காதை நம்பி அப்பா இத்தனை வருட ஆசையைச் செலவழித்தாரோ, அந்தக் காதே ஓட்டை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள், அப்பா வேலைக்குப் போயிருந்த மதியம். அண்ணன் கீழே பந்தாடிக்கொண்டிருந்தான். நான் தூங்குவதாக நினைத்து அம்மா ரெக்கார்டை வைத்து ஆம்ப்ளிஃபையரைப் போட்டார். பேலன்ஸ் குமிழை விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் திருகினார், திருகிக்கொண்டே இருந்தார், ஓர் இடத்தில் நிறுத்தினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். அதற்கப்புறம் அழுதார். திரும்பியவர் நான் நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"அப்பாகிட்ட சொல்லாதடி. கொஞ்ச நாள்தான். நானே சொல்லிக்கிறேன்."

அன்று மாலை அப்பா வந்து, இடப்பக்கத்துச் சுவரில் இரண்டு போர்வைகளையும் ஒரு பழைய மெத்தையுறையையும் தொங்கவிட்டு, "இப்ப?" என்று கேட்டார்.

"இப்ப சரியா இருக்குங்க."

நான் சொல்கிறேன், லாட்டரி விழுந்த மனிதர்கள்கூட அப்படிக் குதித்திருக்க மாட்டார்கள். அண்ணனைத் தூக்கிச் சுற்றினார். பதினான்கு வயதுத் தடியனை! குமிழ் திரும்பியிருந்ததால் அவருக்கு இப்போது வலப்பக்கம் மங்கலாகக் கேட்டிருக்க வேண்டும். அதைச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. செத்துப்போன காது என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டாரே. நமக்கு வேண்டியவர்களை நம்புவதில் இப்படி ஒரு முட்டாள்தனம் உண்டு. அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது, இப்போது அப்படி நம்ப யார் இருக்கிறார்கள் என்று இருக்கிறது.

நான்கு நாள் அந்தச் சந்தோஷம் நீடித்தது. ஐந்தாம் நாள் அப்பாவுக்கு விடுமுறை, அம்மா காலை ஷிஃப்டுக்குப் போயிருந்தார். தூசி தட்டும்போது அப்பா டேப்பில் போட்ட கோட்டைப் பார்த்தார். குமிழ் கோட்டை விட்டு எங்கோ நின்றது.

"யாருடா தொட்டது?"

"நான் இல்லப்பா."

"உன் கைதான் சும்மா இருக்காது. நாமத்தை இழுத்ததும் நீதானே!"

நம் வீடுகளில் ரோத்தான் பிரம்பு எங்கே இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அலமாரிக்கு மேலே, கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டு. அண்ணனுக்குக் கெண்டைக்காலில் மூன்று விழுந்தது. நான் அறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். சொல்லாதே என்று அம்மா சொல்லியிருந்தார். வாயைத் திறந்தால் அம்மாவின் வேலை போய்விடும் என்று நினைத்தேன். மூடியிருந்தால் அண்ணனின் கால். நான் மூடிக்கொண்டேன். எத்தனையோ வருடம் கழிந்தும் அந்த மூன்று அடியும் எனக்கு வலிக்கின்றன. அண்ணனிடம் ஒரு முறை சொன்னேன். "எந்த அடி? நான் வாங்குனதுல கணக்கு இருக்கா?" என்றான் அவன்.

அம்மா நான்கு மணிக்கு வந்தார். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, அண்ணன் காலைப் பார்த்துவிட்டார். "யாரு அடிச்சா? எதுக்கு?" அப்பா குமிழைக் காட்டினார்.

"அதைத் திருகுனது நான்."

"நீயா? எதுக்கு?"

"எனக்கு லெஃப்ட்டு காது கேக்கலங்க." கைப்பை வாரை இறுக்கிப் பிடித்திருந்தார். "சுவரும் இல்ல, வயரும் இல்ல. என் காதுதான். ரொம்ப நாளா கம்மியாயிட்டே வந்திருக்கு, எனக்கே தெரியல. இந்தப் பொட்டி வந்துதான் காட்டிக் குடுத்துச்சு."

அப்பா, "என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"என் காதை நம்பித்தானே வாங்குனீங்க. சொன்னா கொண்டுபோயித் திருப்பிக் குடுத்துருவீங்க. எத்தனை வருஷ ஆசை உங்களுக்கு..."

அப்பா போய்ச் சுவரிலிருந்த போர்வைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்தார். பிறகு தைலக் குப்பியை எடுத்து வந்து அண்ணன் காலுக்குத் தானே தடவினார். மன்னிப்புக் கேட்கவில்லை. நம் அப்பாக்களுக்கு அந்த வார்த்தையை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஆனால் தைலம் தீரும்வரை தடவினார்.

டாக்டர் பார்த்துவிட்டு, இடது காதில் போனது போனதுதான், வலது காது நன்றாக இருக்கிறது என்றார். மருத்துவப் பரிசோதனைவரை காத்திருக்காமல் அம்மாவே மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னார். அந்தச் சீன மாது தன் தலையிலிருந்த ஹெட்செட்டைக் கழற்றி அம்மா கையில் கொடுத்து, "இதுல எத்தனை காது இருக்கு பாரு. ஒண்ணுதானே லா" என்றாராம். அம்மா அத்தனை நாளும் அதை எந்தக் காதில் மாட்டினோம் என்றுகூட யோசித்ததில்லை. எப்போதோ தானாக வலப்பக்கம் மாற்றிக்கொண்டிருக்கிறார். இதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தபோது அவர் கண்ணில் நீர் நின்றது. பிறகு பணி ஓய்வு வரை அதே சுவிட்ச்போர்டில்தான் இருந்தார்.

அப்பா மட்டும் ஒரு வாரம் ஆம்ப்ளிஃபையரைப் போடவே இல்லை. அடுத்த விடுமுறை நாளில் தனியாகத் தேக்காவுக்குப் போனார். பாயிடம் ஏதோ கேட்டுத் தெரிந்துகொண்டு வெறுங்கையோடு திரும்பினார். டேப்பை உரித்தார். குமிழை நடுவில் வைத்தார். அதற்குக் கீழே இருந்த ஒரு சின்னப் பொத்தானைத் தேடி அமுக்கினார். அது 'டக்' என்று உள்ளே போனது. ரெக்கார்டைப் போட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

"இந்தா, வந்து கேளு. எந்தப் பக்கம் கம்மி?"

அம்மா நாற்காலியில் அமர்ந்து கேட்டார். நேராக அமர்ந்து, தலையைத் திருப்பாமல். "எந்தப் பக்கமும் இல்லைங்க."

வயலினும் தபலாவும் பெண்குரலும் எல்லாம் சேர்ந்து ஒரே இடத்திலிருந்து வந்தன. அண்ணன் பதறினான். "அப்பா, ஸ்டீரியோ வாங்கிட்டு மோனோவுல கேக்குறதா? வேஸ்ட்பா!"

"ஒரு வேஸ்ட்டும் இல்ல. வீட்டுல எல்லாரும் ஒரே பாட்டைக் கேட்டாப் போதும்."

அவ்வளவுதான். அட்டைப்பெட்டியின் படத்தைப் பார்த்து எத்தனையோ வருடம் கனவு கண்ட மனிதர், ஒரு வாரம்கூட அந்தக் கனவை நிம்மதியாகக் கேட்கவில்லை. அந்தப் பொத்தான் மறுபடி வெளியே வரவும் இல்லை.

அம்மா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. காரியங்கள் முடிந்து சில வாரம் கழித்து அண்ணனும் நானும் அப்பாவைப் பார்க்கப் போயிருந்தோம். அவர் வீட்டில் பாட்டே போடுவதில்லை என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அண்ணன் அந்தப் பழைய ரெக்கார்டைத் தேடி எடுத்தான். "அப்பா, இனிமே ஸ்டீரியோவுல கேக்கலாம்பா" என்று பொத்தானை அமுக்கினான். இத்தனை வருடம் உள்ளேயே கிடந்தது துள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

வயலின் இடப்பக்கம் போனது. தபலா வலப்பக்கம் போனது. பாய் கடை மாடியில் கேட்டதுபோல் காற்றில் அந்தப் பெண் நின்று பாடினாள். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. அப்பாவின் செத்த காது ஒன்றும் சாகவில்லை, அவருக்கும் கேட்டது. ஒரு நிமிடம் கேட்டிருப்பார். அம்மாவின் நாற்காலியைப் பார்த்தார். நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

"எல்லாம் பிரிஞ்சு பிரிஞ்சு போகுதுடா" என்றார்.

போய்ப் பொத்தானை அமுக்கினார். பாட்டு நடுவுக்கு வந்தது. அவரும் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.